இன்ஜினில் எத்தனை குதிரை? எடையும் நேரமும் தெரிந்தால் வீட்டிலேயே கணக்குப் போடலாம்

ஸ்டெப்னி மாற்றிப் பழகிய யாருக்கும் டார்க் என்றால் என்ன என்று பாடம் எடுக்கத் தேவையில்லை. அவர்கள் கைக்கே அது தெரியும். ஜி.எஸ்.டி. சாலை ஓரம் வண்டியை ஒதுக்கி நிறுத்தி, வீல் ஸ்பேனரை நட்டில் மாட்டுகிறீர்கள். நட்டுக்குப் பக்கத்தில் பிடித்து அழுத்தினால் அசைந்து கொடுக்காது. அதே ஸ்பேனரின் கடைக்கோடியைப் பிடித்து அழுத்தினால் 'கடக்' என்று விடும். கையின் பலம் அதேதான், பிடித்த இடம்தான் மாறியது. கொடுத்த விசையையும், நட்டிலிருந்து கை இருக்கும் தூரத்தையும் பெருக்கினால் கிடைப்பதுதான் டார்க். தமிழில் திருப்பு விசை என்றும் முறுக்கு விசை என்றும் எழுதுகிறார்கள். பட்டறையிலும் ஷோரூமிலும் டார்க் என்றே சொல்வதால் நானும் அப்படியே சொல்கிறேன்.

எண்ணாகவே பார்த்துவிடுவோம். 30 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 35 கிலோ அளவுக்கு உடம்பின் பாரத்தை இறக்குகிறீர்கள் என்று வையுங்கள். ஒரு கிலோ கொடுக்கும் விசை 9.81 நியூட்டன். 35 × 9.81 × 0.3 என்று பெருக்கினால் 103 நியூட்டன் மீட்டர். நம் ஊரில் ஓடும் 1.2 லிட்டர் பெட்ரோல் கார்களின் இன்ஜின் உச்சத்தில் கொடுக்கும் டார்க்கும் ஏறக்குறைய இவ்வளவுதான். என் காரின் கையேட்டில் 113 என்று போட்டிருக்கிறது. முதல் தடவை இந்தக் கணக்கைப் போட்டபோது எனக்கு நம்பிக்கையே வரவில்லை. வேர்க்க விறுவிறுக்க நட்டைக் கழற்றும் என் கையும், நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஓடும் இன்ஜினும் ஒரே அளவு திருகுகின்றனவா?

ஆமாம், ஒரே அளவுதான். ஆனால் என் கை கால் சுற்று திருகிவிட்டு நின்றுவிடும். இன்ஜின் அதே திருகலை நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்று, விடாமல் கொடுக்கும். எவ்வளவு பலமாகத் திருகுகிறது என்பது டார்க். அந்தத் திருகலை எவ்வளவு வேகமாகச் சுற்றிச் சுற்றித் தருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்வது குதிரைத்திறன், அதாவது ஹெச்.பி. "டார்க் முக்கியமா, பவர் முக்கியமா?" என்று நண்பர்கள் டீக்கடையில் மணிக்கணக்கில் வாதாடுவதைக் கேட்டிருக்கிறேன். டார்க்கைச் சுழலும் வேகத்தால் பெருக்கினால் கிடைப்பதே பவர். ஒன்று மற்றொன்றுக்குள் இருக்கிறது.

செக்கு இதை இன்னும் நன்றாகக் காட்டும். மாடு நுகத்தடியில் இழுக்கும் விசையும், நடு உரலிலிருந்து மாடு நடக்கும் இடம் வரையுள்ள தூரமும் சேர்ந்தால் டார்க். மாடு நிமிடத்துக்கு எத்தனை சுற்று வருகிறது என்பதையும் சேர்த்தால் பவர். குதிரைத்திறன் என்ற அளவே இப்படி ஒரு செக்குக் கணக்கிலிருந்து பிறந்ததுதான். 1780களில் ஜேம்ஸ் வாட் தன் நீராவி இயந்திரத்தை, குதிரை கட்டி ஆலை ஓட்டியவர்களிடம் விற்க வேண்டியிருந்தது. "இது எத்தனை குதிரைக்குச் சமம்?" என்பதுதானே வாங்குபவரின் முதல் கேள்வி? வாட் ஒரு கணக்குப் போட்டார். குதிரை 12 அடி ஆரமுள்ள வட்டத்தில் மணிக்கு 144 சுற்று நடக்கிறது, 180 பவுண்டு விசையோடு இழுக்கிறது என்று எடுத்துக்கொண்டு பெருக்கி, முழு எண்ணாக்கியதில் வந்ததே நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு. இன்றைய அளவில் 746 வாட். அதுதான் ஒரு குதிரைத்திறன்.

அந்தக் குதிரையின் டார்க் எவ்வளவு என்று பாருங்கள். 180 பவுண்டு விசை என்பது சுமார் 800 நியூட்டன், 12 அடி என்பது 3.66 மீட்டர். பெருக்கினால் 2,900 நியூட்டன் மீட்டரைத் தாண்டுகிறது. என் கார் இன்ஜினைப் போல இருபத்தைந்து மடங்கு! ஆனால் நிமிடத்துக்கு 2.4 சுற்றுதான். அதனால் பவர் என்று பார்த்தால் அது ஒரே ஒரு குதிரை.

சூத்திரம் ஒன்றே ஒன்றுதான், மனப்பாடம் செய்துகொள்ளலாம்: டார்க்கை ஆர்.பி.எம்.மால், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுழற்சி என்ற எண்ணால் பெருக்கி 9549ஆல் வகுத்தால் கிலோவாட்டில் பவர். அந்தக் கிலோவாட்டை 0.7355ஆல் வகுத்தால் பி.எஸ்., 0.7457ஆல் வகுத்தால் பி.ஹெச்.பி., அதாவது வாட் கணக்கிட்ட பிரிட்டிஷ் குதிரை. பி.எஸ். என்பது ஐரோப்பியக் குதிரை. 75 கிலோவை ஒரு வினாடியில் ஒரு மீட்டர் தூக்கும் திறன் அது. பிரிட்டிஷ் குதிரையைவிட ஒன்றரை சதவீதம் சின்னது. விளம்பரங்களில் இரண்டையும் கலந்து எழுதுவார்கள், குழம்ப வேண்டாம்.

இப்போது கையேட்டைத் திறந்தால் எண்கள் பேசும். 4200 சுழற்சியில் 113 நியூட்டன் மீட்டர் என்று இருக்கிறது. பெருக்கி வகுத்தால் அந்த இடத்தில் பவர் 49.7 கிலோவாட், அதாவது 67 பி.எஸ். சொச்சம். அடுத்த வரியில் 6000 சுழற்சியில் 83 பி.எஸ். என்று இருக்கிறது. அதைத் திருப்பிப் போட்டால் அங்கே டார்க் 97தான். டார்க் குறைந்துவிட்டது, ஆனாலும் பவர் கூடிவிட்டது. திருகல் கொஞ்சம் தளர்ந்தாலும் சுற்று வேகம் அதைவிட அதிகமாக ஏறியிருப்பதுதான் காரணம். இங்கிலாந்தில் பிறந்து திருவொற்றியூரில் வளர்ந்த ராயல் என்ஃபீல்டின் கிளாசிக் 350ஐயும் யமஹா ஆர்15ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் இதே கதை. இரண்டுமே 20 குதிரையை ஒட்டியவை. ஆனால் கிளாசிக் 4000 சுழற்சியிலேயே 27 நியூட்டன் மீட்டர் கொடுக்கிறது, ஆர்15 7500 சுழற்சியில் 14.2. ஒன்று நிதானமாக பலமாகத் திருகி வேலையை முடிக்கிறது, மற்றொன்று அதில் பாதி பலத்தோடு வேகமாகச் சுற்றி முடிக்கிறது. தாம்பரம் மேம்பாலத்தில் பின்னால் ஆளை உட்காரவைத்துக்கொண்டு கியரைக் குறைக்காமல் ஏறுவது எது, கியரைக் குறைத்து இன்ஜினைக் கத்தவிட்டு ஏறுவது எது என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

வீட்டில் எப்படி அளப்பது?

கம்பெனிக்காரர்கள் இன்ஜினைத் தனியே கழற்றி டைனோ என்ற இயந்திரத்தில் மாட்டி அளக்கிறார்கள். வண்டியையே உருளைகள் மேல் ஏற்றிச் சக்கரத்தில் அளக்கும் டைனோவும் உண்டு. ஒரகடத்தில் மத்திய அரசு அமைத்த வாகன ஆய்வு மையம் போன்ற இடங்களில் இவற்றைவிடப் பெரிய சோதனைகளெல்லாம் நடக்கின்றன. நமக்கு அவ்வளவு வசதி வேண்டாம். நம்மிடம் ஏற்கெனவே ஒரு டைனோ இருக்கிறது: வண்டியின் சொந்த எடை. ஆயிரம் கிலோவுக்கு மேல் இருக்கும் ஒரு பொருளை 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60க்குக் கொண்டுபோக இவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பது இயற்பியல் சொல்லும் மாறாத கணக்கு. அந்த ஆற்றலை இன்ஜின் எத்தனை வினாடியில் கொடுத்தது என்று பார்த்தால் போதும். ஆற்றலை நேரத்தால் வகுத்தால் பவர்.

ஆகவே தேவை இரண்டு எண்கள், எடையும் நேரமும்.

எடைக்கு ஆர்.சி.யில் இருக்கும் காலி எடையோடு ஏறப்போகிறவர்களின் எடையைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் மாதவரம், புழல் பக்கம் போகிறவர்கள் ஒரு எடை மேடையில் ஏற்றிச் சீட்டு வாங்கிவிடுவது நல்லது. டிக்கியில் கிடக்கும் சாமான், டேங்கில் இருக்கும் பெட்ரோல், வெளிக்கடையில் போட்ட பம்பர் கம்பி எல்லாம் அதில் வந்துவிடும். நானும் அக்கா மகனும் உட்கார்ந்தபடி என் கார் 1,080 கிலோ காட்டியது.

நேரத்துக்கு ஒரு கைபேசி போதும். டாஷ்போர்டைப் பார்த்தபடி அசையாமல் பொருத்தி வீடியோ எடுக்க வேண்டும். சாதாரண வீடியோவில் வினாடிக்கு 30 படம் இருக்கும், 60 வைத்தால் இன்னும் நல்லது. வீட்டுக்கு வந்து வீடியோவை மெதுவாக ஓட்டி, 40 காட்டிய படத்திலிருந்து 60 காட்டிய படம் வரை எத்தனை என்று எண்ணினால் நேரம் வந்துவிடும். கையில் ஸ்டாப்வாட்ச் வைத்து அமுக்குவதைவிட இது எவ்வளவோ நம்பகமானது. ஓட்டுபவர் கைபேசியைத் தொடவே கூடாது.

இடம்தான் பெரிய விஷயம். இதை மனமாரச் சொல்கிறேன்: கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ மெரினாவிலோ ராஜீவ் காந்தி சாலையிலோ இதைச் செய்யாதீர்கள். அதிகாலையிலும் அங்கே நடப்பவர்கள், சைக்கிள் ஓட்டுபவர்கள், மீன் ஏற்றிவரும் வண்டிகள் இருப்பார்கள். ஒரு எண்ணுக்காக அவர்கள் வழியில் குறுக்கே போகக் கூடாது. நாங்கள் போனது படப்பைக்கு அப்பால், மனை போட்டு இன்னும் வீடு எழும்பாத ஒரு லேஅவுட். உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, காவலாளியைச் சாலையின் ஒரு முனையில் நிற்கவைத்துவிட்டுத்தான் செய்தோம். அரை கிலோமீட்டர் நேர்ச்சாலை போதும். இந்தச் சோதனையில் 60ஐ ஒட்டித்தான் நிறுத்துகிறோம். நகருக்குள் கார்களுக்குப் போக்குவரத்துக் காவல்துறை வைத்திருக்கும் வரம்பும் அதே 60தான். பூஜ்யத்திலிருந்து நூறுக்குப் போவது, கால் மைல் ஓடிப் பார்ப்பது என்று சில முறைகள் உண்டு. டயர் வழுக்கல், கிளட்ச் விடும் திறமை எல்லாம் அவற்றில் கலந்துவிடும். அதோடு அந்த வேகங்கள் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு உரியவை, தெருவுக்கு அல்ல.

காலை ஐந்தே முக்கால் மணி. ஏ.சி. அணைத்தாயிற்று, கண்ணாடிகள் ஏற்றியாயிற்று, டயர்களில் காற்று சரியாக இருக்கிறது. பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி வந்ததில் இன்ஜினும் நன்றாகச் சூடாகியிருக்கிறது. இரண்டாம் கியரில் 30ல் நிதானமாகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தினேன். கியரை மாற்றக் கூடாது, காலை எடுக்கக் கூடாது. பக்கத்தில் அக்கா மகன் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். "மாமா, 60 தாண்டிடுச்சு!" என்று கத்தியதும் காலை எடுத்துக் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன். அதன்பிறகு எதுவும் செய்யவில்லை. பிரேக்கைத் தொடாமல் வண்டியைத் தானாக உருளவிட்டேன். 60லிருந்து 40க்கு இறங்கும்வரை வீடியோ ஓடியது. இந்த இரண்டாம் பாதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் முழுக் கணக்கின் சாவியே அதில்தான் இருக்கிறது.

வீடியோவை எண்ணியதில் ஏறிய நேரம் 2.8 வினாடி, இறங்கிய நேரம் 20 வினாடி. திரும்பி எதிர்த்திசையிலும் அதையே செய்து, இரண்டின் சராசரியையும் எடுத்துக்கொண்ட எண்கள் இவை. எதிர்த்திசை ஓட்டம் ஏன் அவசியம்? சென்னை சமதரை என்று நினைக்கிறோம், ஆனால் நூற்றுக்கு ஒன்று என்ற கண்ணுக்கே தெரியாத சரிவுகூட இந்த எடைக்கும் வேகத்துக்கும் ஒன்றரைக் கிலோவாட்டைத் தின்றுவிடும், அல்லது சும்மா கொடுத்துவிடும். காற்றும் அப்படித்தான். பிற்பகலில் கடற்காற்று கிளம்பிவிட்டால் கிழக்கே ஓடும்போது ஒரு கணக்கு, மேற்கே ஓடும்போது வேறு கணக்கு. அதனால்தான் விடியற்காலையைத் தேர்ந்தெடுத்தோம்.

இனி கணக்கு. வேகத்தை 3.6ஆல் வகுத்தால் வினாடிக்கு எத்தனை மீட்டர் என்று வரும். 40 என்பது 11.11, 60 என்பது 16.67. இரண்டின் வர்க்கங்கள் 123.5ம் 277.8ம். வித்தியாசம் 154.3. எடையில் பாதியான 540ஆல் அதைப் பெருக்கினால் 83,300 ஜூல் சொச்சம். இந்த வண்டியை 40லிருந்து 60க்கு ஏற்ற வேண்டிய ஆற்றல் அதுதான். 2.8ஆல் வகுக்க 29.8 கிலோவாட்.

ஆனால் இன்ஜின் வண்டியை வேகப்படுத்த மட்டுமா உழைத்தது? எதிர்க்காற்றைத் தள்ளியது, டயர் சாலையில் உருளும் தடையைச் சமாளித்தது. அது எவ்வளவு என்று எப்படித் தெரியும்? வண்டி தானாக உருண்டு 60லிருந்து 40க்கு இறங்கியதே, அப்போது அதே 83,300 ஜூலைத்தான் காற்றும் சாலையும் பிடுங்கிக்கொண்டன, 20 வினாடியில். வகுத்தால் 4.2 கிலோவாட். காற்றுத்தடை எண்ணோ காரின் முன்பரப்போ எதுவும் தேடத் தேவையில்லை. அதே ஆற்றலை வேறொரு நேரத்தால் வகுத்தால் போதும். இந்த முறையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். வண்டியே தன் தடையைத் தானே அளந்து சொல்லிவிடுகிறது.

இன்னொரு சின்னத் திருத்தம் உண்டு. வண்டி முன்னே ஓடும்போது சக்கரங்கள், இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்க், அதில் மாட்டிய ஃப்ளைவீல் என்ற கனத்த சக்கரம் எல்லாம் சுழலும் வேகமும் கூடுகிறது. அதற்கும் ஆற்றல் போகிறது. இரண்டாம் கியரில் இதற்குச் சுமார் 8 சதவீதம் சேர்த்துக்கொள்ளலாம். முதல் கியரில் இன்ஜின் இன்னும் வேகமாக ஏறுவதால் இந்தப் பங்கு நிறையக் கூடிவிடும். முதல் கியரில் சோதனை செய்யக் கூடாது என்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆக 29.8ஐ 1.08ஆல் பெருக்கி 32.2. தடையின் 4.2ஐக் கூட்டினால் 36.4 கிலோவாட்.

இது சக்கரத்துக்கு வந்து சேர்ந்த பவர். கம்பெனி சொல்வது இன்ஜினின் கிராங்கில் அளந்தது. நடுவில் கியர்பாக்ஸும் டிரைவ் ஷாஃப்டும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கின்றன. முன்சக்கரம் இழுக்கும் கார்களில் இது 10லிருந்து 15 சதவீதம் என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். நியூட்ரலில் உருண்டபோது கியர்பாக்ஸின் உராய்வில் ஒரு பகுதி ஏற்கெனவே கணக்கில் வந்துவிட்டதால் நான் 10 என்று வைத்துக்கொள்கிறேன். 36.4ஐ 0.9ஆல் வகுத்தால் 40.4 கிலோவாட். பி.எஸ்.ஸில் 55.

"கையேட்டில் 83 இருக்கே, இங்கே 55தானா?" என்று கேட்கத் தோன்றும். 83 என்பது 6000 சுழற்சியில். நாம் அளந்தது 40க்கும் 60க்கும் நடுவில், அதாவது 50ஐ ஒட்டி. இரண்டாம் கியரில் 50ல் நிதானமாகப் போகும்போது ஆர்.பி.எம். முள் 3600ல் நிற்கிறது. ஆகவே 55 குதிரை என்பது 3600 சுழற்சியில். இப்போது டார்க்கைக் கண்டுபிடிக்கச் சூத்திரத்தைத் திருப்பிப் போட வேண்டியதுதான்: 40.4 × 9549 ÷ 3600 = 107 நியூட்டன் மீட்டர். கம்பெனி 4200ல் 113 என்கிறது. நாங்கள் எட்டு வருடம் ஓடிய வண்டியில், கைபேசியும் எடைச் சீட்டும் வைத்துக்கொண்டு, அதற்கு ஆறு எண் பக்கத்தில் வந்துவிட்டோம். அன்று காலை அந்த வெற்று மனைகளுக்கு நடுவில் எங்களுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

எங்கே தப்பு நுழையும்?

முதல் குற்றவாளி ஸ்பீடோமீட்டர். உள்ளதைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படிதான் அவற்றைச் செய்கிறார்கள். முள் 60 என்னும்போது வண்டி 57ல் போகலாம். 5 சதவீதம்தானே என்று விட முடியாது, வேகம் வர்க்கமாகக் கணக்கில் வருவதால் பவரில் அது 10 சதவீதப் பிழை. ஜி.பி.எஸ். வேகம் காட்டும் செயலியை ஒரு தடவை பக்கத்தில் ஓடவிட்டு, முள் 40, 60 காட்டும்போது உண்மையில் எவ்வளவு என்று குறித்துக்கொண்டு அந்த எண்களைக் கணக்கில் போடுங்கள். மேலே நான் போட்ட 40ம் 60ம் அப்படித் திருத்தியவை.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் மாட்டி, வண்டியின் கணினி தரும் எண்களைக் கைபேசிக்கு அனுப்பும் ப்ளூடூத் கருவி வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். ஆனால் அதிலும் வேகம் முழு எண்ணாகத்தான் வரும், ஆர்.பி.எம். அதைவிட நுணுக்கமாக வரும். கியர் மாறாதவரை இரண்டும் ஒன்றோடொன்று கட்டுண்டவை என்பதால், ஆர்.பி.எம்.மை வைத்தே வேகத்தைக் கணக்கிட்டால் துல்லியம் கூடும். என் காரில் இரண்டாம் கியரில் ஆயிரம் சுழற்சிக்குக் கிட்டத்தட்ட 13.9 கிலோமீட்டர் வேகம்.

அடுத்தது வெயில். மார்கழி விடியலில் 23 டிகிரியில் அளந்ததையும் கத்திரி வெயிலில் 38 டிகிரியில் அளந்ததையும் ஒப்பிடாதீர்கள். சூடான காற்று லேசானது. அந்த வித்தியாசத்திலேயே காற்றின் அடர்த்தி 5 சதவீதம் போல இறங்கிவிடும், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத இன்ஜினின் பவரும் கூடவே இறங்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் நீராவியும் ஆக்சிஜனின் இடத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். மே மாதம் மதியம் "வண்டி பிக்கப்பே இல்ல" என்று தோன்றுவதில் உண்மை இருக்கிறது. ஏ.சி. கம்ப்ரஸர் வேறு அதே இன்ஜினில்தான் தொங்குகிறது.

பைக்கிலும் இதே கணக்குதான், ஆனால் இரண்டு விஷயம் மாறும். 112 கிலோ ஸ்ப்ளெண்டரில் 75 கிலோ ஆள் உட்கார்ந்தால் மொத்தத்தில் அவர் பங்கு ஐந்தில் இரண்டு. ஆகவே தன் எடையை ஹெல்மெட், செருப்போடு சேர்த்துச் சரியாகப் பார்க்க வேண்டும். அடுத்தது காற்று. ஏறும்போது குனிந்தும் உருளும்போது நிமிர்ந்தும் உட்கார்ந்தால் கணக்கு கெட்டுவிடும். கியரில்லாத ஸ்கூட்டரில் பெல்ட் தன் இஷ்டத்துக்கு விகிதத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால் ஆர்.பி.எம்.முக்கும் வேகத்துக்கும் நிலையான உறவு கிடையாது. அதில் சக்கரத்துப் பவர் வரைதான் போக முடியும், இன்ஜின் டார்க் கிடைக்காது.

இவ்வளவு பாடுபட்டு அளப்பது கம்பெனி எண்ணைச் சரிபார்க்க மட்டும் என்றால் நான் ஒரு தடவையோடு விட்டிருப்பேன். அந்த இரண்டு நேரங்களையும், 2.8, 20 என்று, காரின் சர்வீஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் தண்ணீர் இரண்டு நாள் வடியவில்லை. சக்கரம் பாதி மூழ்கிக் கார் நின்றது. இன்ஜினுக்குள் தண்ணீர் போகவில்லை, ஆயிலும் சுத்தமாக இருந்தது. ஆனால் அதற்கப்புறம் வண்டியில் பழைய இழுவை இல்லை. பாலம் ஏறும்போது மூச்சு வாங்குவது போல இருந்தது. ஒரு பட்டறையில் காட்டினேன். ஓட்டிப் பார்த்துவிட்டு, "சார், தண்ணி உள்ள போயிருக்கு, இன்ஜின் பிரிச்சுப் பாத்துடலாம்" என்றார்கள். சொன்ன தொகையைக் கேட்டு அன்று இரவு தூக்கமே வரவில்லை.

அடுத்த ஞாயிறு விடியற்காலை அதே லேஅவுட்டுக்குப் போனோம். அதே இரண்டு பேர், அதே இரண்டாம் கியர். ஏறும் நேரம் 3.2 வினாடி. சந்தேகமே இல்லை, வண்டி மந்தமாகத்தான் இருக்கிறது. மனது கனத்துப்போய், கடமைக்காகத்தான் நியூட்ரலில் உருண்ட நேரத்தையும் எண்ணினேன். 20 வினாடி இருந்த இடத்தில் 10 வினாடி!

வண்டியிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 83,300ஐ 3.2ஆல் வகுக்க 26.0, அதை 1.08ஆல் பெருக்க 28.1. தடை 83,300 ÷ 10 என்று 8.3. கூட்டினால் 36.4 கிலோவாட். பழைய எண்ணேதான். இன்ஜின் கொடுக்கும் பவரில் குறையே இல்லை. எதுவோ அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது.

இறங்கி ஒவ்வொரு சக்கரத்தின் ரிம்முக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோனேன். மூன்று சக்கரங்கள் வெதுவெதுப்பாக இருந்தன. முன்னால் இடது பக்கம் அனல் அடித்தது, கருகின வாடையும் வந்தது. ஜாக்கி போட்டு அந்தச் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றினால், கால் சுற்றுகூடப் போகாமல் உரசி நின்றது. பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பிரேக் காலிப்பர் நகர்வதற்கான பின்கள் துருவேறி இறுகியிருந்தன. பிரேக்கை விட்ட பிறகும் பேடு டிஸ்க்கை விடாமல் கவ்விக்கொண்டிருந்தது.

வேறொரு மெக்கானிக் அதைக் கழற்றி, பின்களை உப்புத்தாளால் தேய்த்து, அதற்குரிய கிரீஸ் வைத்து, ரப்பர் பூட்டும் பேடும் புதிதாகப் போட்டு மாட்டினார். அரை நாள் வேலை. இன்ஜினை யாரும் தொடவில்லை. மறு ஞாயிறு ஏறும் நேரம் 2.8, உருளும் நேரம் 19 வினாடி. அதையும் தேதி போட்டு அதே பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.